பொறுத்தவர்களின் பூமி

'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்ற பழமொழியைப் பெண்பிள்ளைகளுக்குச் சோற்றோடு பிசைந்து ஊட்டும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கு அதைச் சொல்லி அனுப்புகிறார்கள். அடிபட்டுத் திரும்பி வந்தவளிடமும் அதையேதான் சொல்கிறார்கள். 'பொங்கினார் காடாள்வார்' என்ற மறுபாதி அதன் மிரட்டல். பொங்கினால் உனக்குக் காடுதான், பொறுத்தால் பூமி.

இது மெய்யா என்று சோதித்துப் பார்க்கக் காவிரிக் கழிமுகத்தைவிட நல்ல இடம் இல்லை. பூமிக்குத் துல்லியமான கணக்கு வைத்திருந்த ஊர்கள் இவை. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர். பழைய தஞ்சை மாவட்டத்தில் ஒரு மிராசுதாரின் பெருமையை இத்தனை வேலி என்றுதான் சொல்வார்கள். அந்த வேலிகளில் நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களையெடுத்து, அறுத்து, கதிரடித்துத் தூற்றிய பெண்களைவிட அதிகம் பொறுத்தவர்கள் தமிழ்நாட்டில் யாரும் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பொறுத்தார்கள். பழமொழி மெய்யென்றால் இந்தக் கழிமுகம் முழுவதும் அவர்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கோ குடியிருக்கும் குடிசையின் தரைகூடப் பண்ணைக்குச் சொந்தமாக இருந்தது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும்.

மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது இந்த நிலக் கணக்கை நாம் மறந்துவிடுகிறோம். மன்னிப்பு மனத்தின் சமாச்சாரம், உள்ளே நிகழ்வது, பெருந்தன்மை உள்ளவர்கள் செய்வது என்றே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். யார் எங்கே நின்றுகொண்டு மன்னிக்கிறார்கள் என்று கேட்க நாம் பழகவில்லை. தஞ்சைத் தரணியின் ஐம்பதாண்டுச் சரித்திரம் அந்தக் கேள்வியைத்தான் நம்மைக் கேட்க வைக்கிறது.

யார் யாரிடம் கேட்டது

பண்ணையாள் முறை இருந்த காலத்தில் மன்னிப்பு ஒரே திசையில்தான் நடந்தது. வேலைக்கு வரத் தாமதமானால், உடம்பு முடியாமல் படுத்துவிட்டால், மாடு வரப்பு தாண்டி மேய்ந்துவிட்டால் ஆள்காரர்தான் 'ஆண்டே, பொறுத்துக்குங்க' என்று மண்ணில் விழ வேண்டும். விழுந்த பிறகும் சவுக்கடி உண்டு. சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால் உண்டு. பெண்களுக்கு இவற்றோடு வெளியே சொல்ல முடியாத தண்டனைகளும் உண்டு. பண்ணையார் ஆள்காரரிடம் மன்னிப்புக் கேட்டதாக ஒரு பேச்சு இங்கே எந்த ஊரிலும் கிடையாது. அதற்கான சொல்லே அந்த உறவுக்குள் இல்லை.

1943 முதல் பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்டுகள் இங்கே வந்து விவசாயச் சங்கம் கட்டினார்கள். அவர்களோடு மணலூர் மணியம்மா இருந்தார். பிராமணக் குடும்பத்தில் பிறந்து கைம்பெண்ணானவர். கிராப்பு வெட்டி, வேட்டியும் சட்டையும் அணிந்து சேரிகளுக்குள் போய்ச் சங்கம் வைத்தவர். அவருடைய வாழ்க்கையைத்தான் ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' என்ற நாவலாக எழுதினார். 1944இல் களப்பாலிலும் மன்னார்குடியிலும் மிராசுதார்களோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தங்களில் சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்ற விதி இடம்பெற்றது. ஒரு கொடுமையை நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். நிறுத்துவதாகக் கையெழுத்துப் போட்டார்கள். அதுவரை செய்ததற்கு வருந்துவதாக யாரும் எழுதித் தரவில்லை.

1952இல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது, குறிப்பிட்ட கூலி தர வேண்டும் என்று அது சொன்னது. சட்டத்திலிருந்து தப்பிக்கப் பல பண்ணைகள் நிரந்தர ஆட்களைக் கழித்துவிட்டுத் தினக்கூலிக்கு மாறின. பிறகு நடந்த போராட்டமெல்லாம் கூலிப் போராட்டம். அது படி நெல்லில், அரைப்படி நெல்லில் அளக்கப்பட்டது.

டிசம்பர் 25, 1968

கீழ்வெண்மணி இன்றைக்கு நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. அன்றைக்கு அது கீழத்தஞ்சை. கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். ஏற்றியிருந்த செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடுவைத் தலைவராகக் கொண்ட நெல் உற்பத்தியாளர் சங்கம் கொடியை இறக்கச் சொன்னது. அன்றிரவு மோதலில் மிராசுதார் தரப்பில் பக்கிரிசாமிப் பிள்ளை என்பவர் கொல்லப்பட்டார். அதன் பின் துப்பாக்கிகளோடு கூட்டம் சேரிக்குள் நுழைந்தது. ஓட முடிந்தவர்கள் வயலுக்குள் ஓடினார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டிருந்த பெண்களும் முதியவர்களும் ராமையாவின் குடிசைக்குள் ஒடுங்கினார்கள். குடிசையைச் சாத்தித் தீ வைத்தார்கள். 44 பேர் கரிந்தார்கள். மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்தான். எல்லோரும் தலித்துகள்.

1970 இறுதியில் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உட்பட எட்டுப் பேருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும் நிலக்கிழார்கள், ஒருவரிடம் கார்கூட இருக்கிறது, அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பக்கிரிசாமிப் பிள்ளை கொலை வழக்கிலோ விவசாயத் தொழிலாளர் சிலருக்குத் தண்டனை கிடைத்தது. வெண்மணிக்கு நேரில் போய்ப் பார்த்தும், தீர்ப்பு வந்தபோது அதை வரிவரியாகப் பிரித்துக் காட்டியும் எழுதியவர் மைதிலி சிவராமன். பின்னாளில் ஜனநாயக மாதர் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். வெண்மணியைச் 'சம்பவம்' என்று சுருக்கிச் சொல்லாமல், கூலியும் நிலமும் சாதியும் சேர்ந்து செய்த கொலை என்று எழுதியதில் முதன்மையானது இந்தப் பெண்ணின் பேனா.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு வெண்மணியின் ஒரு தாயிடம் போய் 'மன்னித்துவிடு' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவள் எதை மன்னிப்பது? சட்டத்தின் கண்ணில் அங்கே குற்றவாளியே இல்லை. குற்றம் செய்ததாக ஒப்புக்கொண்டவரும் இல்லை. கொடுக்க அவளிடம் மன்னிப்பு இருந்தாலும் வாங்கிக்கொள்ள எதிரே ஆளில்லை.

நம் அறநூல்களை ஒழுங்காகப் படித்தால் இந்தச் சிக்கலை அவை அறிந்திருந்தது தெரியும். பொறையுடைமை அதிகாரத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, தன்னைத் தோண்டுபவரையே சுமக்கும் நிலத்தைப் போல இரு என்று பெண்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். அதே வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்கும் இடத்தைப் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை. கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அதை அடக்குபவரே அடக்குபவர். செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று கேட்கிறது அந்தக் குறள். தண்டிக்க முடிந்தவர் தண்டிக்காமல் விடுவதுதான் பொறை. முடியாதவர் சும்மா இருப்பதற்கு வேறு பெயர். நாஜிகளிடமிருந்து தப்பிய யூதப் பெண்ணான ஹன்னா அரெண்ட் 1958இல் வெளிவந்த தம் நூலில் ஏறத்தாழ இதே இடத்துக்கு வருகிறார்: தண்டிக்க முடியாததை மனிதர்களால் மன்னிக்கவும் முடியாது என்கிறார். வள்ளுவரின் சொல்லும் அவருடைய சொல்லும் வெண்மணிக்கு அப்படியே பொருந்துகின்றன.

புகாரில் பிறந்தவள்

இதே காவிரி கடலில் விழும் புகாரில் பிறந்தவள் கண்ணகி. அவளையும் பொறுமைக்கு உதாரணமாக்கி வைத்திருக்கிறோம். மாதவியிடமிருந்து திரும்பி வந்த கோவலனுக்குச் சிலம்பை எடுத்துக் கொடுத்த கண்ணகியைப் போற்றுகிற அளவுக்கு, மதுரையில் அவனிடம் அவன் நடத்தை சரியில்லை என்று முகத்துக்கு நேரே ஒரு சொல் சொன்ன கண்ணகியை நாம் நினைப்பதில்லை. அந்த ஒரு சொல் எனக்கு முக்கியம். அவள் ஏற்றுக்கொண்டாள். நடந்ததை நடக்காததாக்கவில்லை.

பாண்டியன் அவையில் அவள் பொறுக்கவில்லை. சான்றோடு போய் நின்றாள். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் அரசன் தன்னைக் கள்வன் என்று சொல்லி உயிர்விட்டான். அதற்கு மேலும் அவள் கோபம் ஆறவில்லை, ஊர் எரிந்தது. நாம் பெரும்பாலும் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறோம். வஞ்சிக் காண்டத்தில், வாழ்த்துக் காதையில், தெய்வமாகத் தோன்றும் கண்ணகி பாண்டியன் மேல் குற்றமில்லை என்கிறாள். தன்னை அவன் மகள் என்றும் சொல்லிக்கொள்கிறாள். தன் கணவனைக் கொன்ற அரசனைத் தகப்பன் என்று சொல்கிற இடம் அது. தமிழில் மன்னிப்புக்கு இதைவிடப் பெரிய காட்சியை நான் படித்ததில்லை.

அந்த வரிசையைத்தான் மாணவியரிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். முதலில் வழக்கு. அடுத்து சான்று. அதன் பின் குற்றம் செய்தவன் வாயால் ஒப்புதல். பிறகு சினம் தன் போக்கில் எரிந்து தணியக் காலம். எல்லாம் கழிந்த பின், யாரும் கேட்காமல், அவளாகவே சொன்னது அந்தச் சொல். இளங்கோ இந்த வரிசையில் எதையும் தாண்டவில்லை. குடும்பப் பஞ்சாயத்துகள் முதல் நான்கையும் விட்டுவிட்டு ஐந்தாவதிலிருந்து தொடங்கச் சொல்கின்றன. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தபின் 1996இல் விசாரணைகளைத் தொடங்கிய உண்மை, நல்லிணக்க ஆணையம்கூட, செய்ததை முழுமையாகச் சொன்னவர்களுக்கே பொதுமன்னிப்பு என்று நிபந்தனை வைத்தது. அந்த நிபந்தனையே போதாது, தண்டனை எங்கே என்று கேட்ட குடும்பங்கள் அங்கும் இருந்தன. வெண்மணிக்கு அந்த அரைகுறை ஒப்புதலும் கிடைக்கவில்லை.

பழியும் பத்திரமும்

1980 டிசம்பரில் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். வெண்மணிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. நீதிமன்றம் கைவிட்ட இடத்தில் பழி வந்து நின்றது. அந்தச் செய்தியைக் கேட்டுக் கண்ணீர் விடாதவர்களைக் குறை சொல்லும் தகுதி நமக்கு இல்லை. ஆனாலும், மறுநாள் காலை நடவுக்குப் போன பெண் முந்தின நாள் நின்ற அதே வயலில்தான் நின்றாள். வயலின் பட்டாவில் பெயர் மாறவில்லை. பழி ஒரு கணக்கை முடித்தது. அவளுடைய கணக்கு அதில் வரவேயில்லை.

அவளுடைய கணக்கைக் கையில் எடுத்தவர் இன்னொரு பெண். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1926இல் இன்றைய திண்டுக்கல் மாவட்டப் பகுதியில், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் கணவரை இழந்து கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த தாயின் மகள். படித்து, ஆசிரியப் பயிற்சி பெற்று, சர்வோதய இயக்கத்தில் சேர்ந்தார். 1950இல் சங்கரலிங்கம் ஜெகந்நாதனை மணந்தார். இருவரும் வினோபாவின் பூதான இயக்கத்தில் நடந்தவர்கள். வெண்மணிச் செய்தி கேட்டு அங்கே போன கிருஷ்ணம்மாள், ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பவில்லை. கீழத்தஞ்சையே அவருடைய வேலைக்களம் ஆயிற்று. வலிவலத்தில் கோயில் நிலங்களுக்காகச் சத்தியாகிரகம் செய்து சிறை சென்றார். 1981இல் கணவரோடு சேர்ந்து 'லாஃப்டி' என்னும் உழுபவர் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்.

அதன் வேலைமுறை எளிமையானது. நிலத்தை விற்க நினைக்கும் மிராசுதாரோடு உட்கார்ந்து விலை பேசுவது. வங்கிக் கடனுக்கும் அரசு உதவிக்கும் அலைவது. நிலமில்லாத குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று பிரிப்பது. பத்திரத்தைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரில் பதிவது. இப்படிப் பத்தாயிரம் ஏக்கருக்கும் மேல் கைமாறியது. வெண்மணிக் குடும்பங்களுக்கும் நிலம் கிடைத்தது.

பெண்ணின் பெயரில் என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆண் பெயரில் எழுதினால் நிலம் அடகுக்கும் சாராயக் கடனுக்கும் போகும் என்ற நடைமுறைக் கவலையும் அதில் இருந்தது. அதற்கும் மேலே, நடவுக் கூலியில் ஆணைவிடக் குறைவாக வாங்கிப் பழகிய கை, பதிவு அலுவலகத்தில் முதன்முறையாக ரேகை வைத்தது. தன்னைத் தோண்டுபவரைச் சுமக்கும் நிலம் என்று எந்தப் பெண்ணை உவமித்தார்களோ, அவளுக்கு மூன்று மா நிலம் வந்தது.

இந்த வழியை விமர்சித்தவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. 1961இன் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது; 1970இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். அந்தச் சட்டத்தை ஒழுங்காக நடத்தியிருந்தால் உபரியாக வந்திருக்க வேண்டிய நிலத்தை, பினாமிப் பெயர்களில் காப்பாற்றி வைத்தவர்களிடமே விலை கொடுத்து வாங்குவதா? உழுதவர்களே கடன்பட்டு அந்த விலையைக் கட்டுவதா? இடதுசாரிகள் இப்படிக் கேட்டார்கள். செங்கொடிச் சங்கத்தின் போராட்டங்கள் இல்லாமல் எந்த மிராசுதாரும் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்திருக்கமாட்டார் என்பதும் உண்மை. கூலியை உயர்த்தியது அந்தப் போராட்டம்தான். 1971இன் குடியிருப்புச் சட்டம் குடிசை நின்ற மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கியதற்குப் பின்னாலும் அந்தப் போராட்டம் இருந்தது. ஒன்றை உயர்த்த இன்னொன்றைத் தாழ்த்த வேண்டியதில்லை.

நான் கவனிப்பது வேறொன்றை. கிருஷ்ணம்மாள் மிராசுதார் வீட்டுத் திண்ணைக்கு விலை பேசப் போனார் என்றால், அந்த வீட்டின் சரித்திரத்தை மறந்து போகவில்லை. அவர் பிறந்த குடும்பமே அந்தச் சரித்திரத்தின் மறுபக்கம். வெறுப்பை வேலையின் குறுக்கே வர விடாமல் வைத்திருக்க அவரால் முடிந்தது. அதே சமயம் எதிர்க்க வேண்டிய இடத்தில் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. 1990களில் கடலோர வயல்களை இறால் பண்ணைகள் உப்பாக்கியபோது இருவரும் மறியலிலும் இருந்தார்கள், நீதிமன்றத்திலும் இருந்தார்கள். ஜெகந்நாதன் பெயரில் நடந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் உள்ள இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. ஒரு கையில் விலைப்பேச்சு, இன்னொரு கையில் வழக்கு. மன்னிக்கத் தெரிந்தவர் போராடத் தெரியாதவர் என்ற எண்ணத்தை இந்த வாழ்க்கை பொய்யாக்குகிறது.

நம் வீட்டுக்குள்

பெருங்கொடுமையின் கதையை வீட்டுச் சண்டைக்கு உதாரணமாக்குவது சரியா என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான கேள்வி. வெண்மணியும் ஒரு கணவனின் அறையும் ஒன்றல்ல. ஆனால் இரண்டு இடத்திலும் மன்னிப்பைக் கேட்கும் விதம் ஒன்றாக இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் வந்தது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் புகார் எழுதப் போகும் பெண்ணிடம் முதலில் பேசப்படுவது சமாதானம்தான். 'விடும்மா, பெரியவங்க இருக்காங்க, அனுசரிச்சுப் போ' என்பார்கள். அறைந்தவனைப் பார்த்து 'நீ செய்தது என்ன, உன் வாயால் சொல்' என்று கேட்பது அரிது.

எனவே அன்றாடத்தில் மன்னிப்பைப் பழகுவது என்றால் முதலில் சில கேள்விகளைப் பழக வேண்டும். செய்தவர் செய்ததைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டாரா? அது நின்றுவிட்டதா, நாளைக்கும் நடக்குமா? நான் மன்னிக்க மறுத்தால் எனக்குப் போக இடமும் கையில் காசும் இருக்கிறதா? மூன்றுக்கும் விடை சாதகமாக இருந்தால் மன்னிக்கலாமா கூடாதா என்று யோசிக்கலாம். அது நம் விருப்பம். மூன்றாவதற்கு இல்லை என்பது விடையென்றால், நாம் செய்துகொண்டிருப்பது மன்னிப்பு இல்லை, பிழைப்பு. பிழைப்பில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதைப் பெருந்தன்மை என்று மற்றவர்கள் பெயர் சூட்டும்போதுதான் விழித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் கோபம் செல்லுபடியாகும் இடங்கள் நமக்கும் உண்டு. மருமகளிடம், வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம், வகுப்பில் தலைகுனிந்து நிற்கும் பெண்ணிடம். வள்ளுவர் சொல்லும் பொறை நமக்குச் சோதனையாவது அந்த இடங்களில்தான். மாமியாரிடம் விழுங்கிய கோபத்தை மருமகளிடம் துப்புவது நம் வீடுகளின் நீண்ட பழக்கம். அந்தச் சங்கிலி நம் கையில் வரும்போது அங்கேயே அறுத்து வைப்பது, யாரும் பாராட்டாத, அதனாலேயே கடினமான மன்னிப்பு. மனத்தில் பழைய புண் ஆறியிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. கைமாற்றி விடாமல் இருந்தால் போதும்.

மன்னித்தால் மறந்துவிட வேண்டும் என்பார்கள். வெண்மணி அதை ஏற்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 25 அன்று நினைவிடத்தில் செங்கொடி ஏறுகிறது. 44 பேரையும் நினைக்கக் கூட்டம் வருகிறது. கீழத்தஞ்சையில் இன்று ஓர் ஏக்கருக்குப் பட்டா வைத்திருக்கும் ஒரு மூதாட்டி, தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வாய்க்காலில் முறை கேட்கும்போது, பக்கத்து வயல் பழைய பண்ணையின் வாரிசுடையதாக இருக்கலாம். இருவரும் மடையைத் திறப்பது பற்றிப் பேசியாக வேண்டும். அவள் அவர்களை மன்னித்துவிட்டாளா என்பது நமக்குத் தெரியவேண்டிய விஷயமில்லை. அவள் விழுந்து கேட்கவில்லை, நின்று கேட்கிறாள். மன்னிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க அவளுக்கு இப்போது மூன்று மா இடம் இருக்கிறது.